உஷார்! உங்கள் வீட்டுக் கீசரை ‘டைரக்ட்’ செய்துவிட்டார்களா?

“அக்கா, தெர்மோஸ்டாட் போயிடுச்சு. இந்த மாடலுக்கு இப்போ கடையில கிடைக்காது. டைரக்ட் குடுத்துடறேன், நல்லா சூடாகும். சூடானதும் நீங்களே சுவிட்சை அணைச்சுடுங்க.”

கீசர் பழுது பார்க்க வந்தவர் உங்கள் வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரா? அப்படியானால், மேலே படிக்கும் முன் எழுந்து போய் அந்தக் கீசருக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வாருங்கள். குளியலறை சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அது தெரியாமல் வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் மறுபடி போட்டுவிடுவார்கள். எம்.சி.பி.யை இறக்குங்கள். வீட்டில் உள்ள எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். பிறகு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். ‘டைரக்ட்’ என்ற அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் கீசருக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால், அதன் கீழே நின்று குளிக்க உங்களுக்கு மனம் வராது.

கீசரின் அடி மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று முக்கியமான பொருள்கள் தெரியும். ஒன்று, தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் முனைகள். இரண்டாவது, தண்ணீர் நாம் வைத்த அளவுக்குச் சூடானதும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மறுபடி கொடுக்கும் தெர்மோஸ்டாட். மூன்றாவது, தெர்மோஸ்டாட் கைவிட்டுவிட்டால் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் ‘கட் அவுட்’. பெரும்பாலான மாடல்களில் மின்சாரம் கட் அவுட்டையும் தெர்மோஸ்டாட்டையும் தாண்டித்தான் காயிலுக்குப் போக முடியும். டைரக்ட் செய்வது என்றால், தெர்மோஸ்டாட்டில் மாட்டியிருந்த இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவது. வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ‘போதும்’ என்று சொல்ல அந்தக் கீசருக்குள் கட் அவுட்டைத் தவிர எதுவும் இல்லை. சில இடங்களில் கட் அவுட்டையும் சேர்த்தே கழற்றி எறிந்துவிடுகிறார்கள், “அடிக்கடி டிரிப் ஆகுது சார்” என்ற காரணத்தைச் சொல்லி.

தெர்மோஸ்டாட் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பல கீசர்களில் இருப்பது மெல்லிய செம்புக் குழாய் வகை. குழாயின் நுனியில் உள்ள குமிழ், தொட்டிக்குள் இறங்கும் ஓர் உறைக்குள் செருகப்பட்டிருக்கும். குமிழுக்குள் அடைத்திருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, மறுமுனையில் இருக்கும் தகட்டைத் தள்ளும், தகடு கான்டாக்டைப் பிரிக்கும், மின்சாரம் நிற்கும். இன்னொரு வகை நீளமான தண்டு போல இருக்கும். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே சூட்டில் அவ்வளவாக நீளாத வேறொரு உலோகக் கம்பி. இரண்டும் விரிவடைவதில் உள்ள வித்தியாசமே சுவிட்சை இயக்குகிறது.

எந்த வகையாக இருந்தாலும் பழுது இரண்டு விதமாகத்தான் வரும். கான்டாக்ட் சேராமலே நின்றுவிடும். அப்போது தண்ணீர் சூடாகாது. அல்லது பிரிய வேண்டிய கான்டாக்ட் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது சூடு நிற்காது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சேரும்போதும் அந்த இடத்தில் சிறிய தீப்பொறி எழுகிறது. ஆண்டுக்கணக்கில் பொறி பட்டுப் பட்டுக் குழிவிழுந்த கான்டாக்ட் ஒருநாள் உருகி ஒட்டிவிடும். செம்புக் குழாய் மடிந்தோ ஒடிந்தோ உள்ளே இருக்கும் திரவம் கசிந்துவிட்டாலும் இதே கதிதான். தகட்டைத் தள்ள ஆள் இல்லை.

இதில் முதல் வகைப் பழுதால் யாருக்கும் ஆபத்து இல்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளிப்போம், அல்லது அடுப்பில் வெந்நீர் வைப்போம். டைரக்ட் செய்கிறவர், ஆபத்தில்லாத இந்த முதல் வகைப் பழுதை எடுத்து, உயிரைக் குடிக்கக்கூடிய இரண்டாவது வகைப் பழுதாக மாற்றிக் கையில் கொடுக்கிறார். அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறார். “நல்லா சூடாகும்” என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. எங்கே நிற்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

“எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி.கூட இருக்கிறது, ஏதாவது ஆனால் டிரிப் ஆகிவிடும்” என்று நிம்மதியாக இருப்பவர்களே, தயவுசெய்து இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். டிரிப் ஆகாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் 40 டிகிரியில் இருந்தாலும் அதே 8.7 ஆம்பியர்தான், கொதித்து ஆவி பறக்கும்போதும் அதே 8.7 ஆம்பியர்தான். எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் விழும். இங்கே அளவு மீறவே இல்லை. ஆர்.சி.சி.பி. மின்சாரம் எர்த்துக்கோ உடம்பு வழியாகவோ கசிந்தால் விழும். இங்கே கசிவும் இல்லை. அந்த இரண்டு கருவிகளின் கணக்கில் உங்கள் கீசர் மிக ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. சூடு என்ற ஒன்றை அவை பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்த கண்கள், கீசருக்குள் இருந்த தெர்மோஸ்டாட்டும் கட் அவுட்டும்தான்.

எவ்வளவு நேரத்தில் கொதிக்கும்? பள்ளிக்கூட இயற்பியல் கணக்குத்தான். 15 லிட்டர் கீசர், 2000 வாட், தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய 18 நிமிடம். அங்கே நிற்காமல் போனால் 40 நிமிடத்துக்குள் கொதிநிலையைத் தொட்டுவிடும். 25 லிட்டர் கீசருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சமையலறை சிங்க்குக்கு மேலே மாட்டுகிறோமே, 3 லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ கீசர், அது 3000 வாட். அதில் இருக்கும் தண்ணீர் கொதிக்க 5 நிமிடம் போதும். பாலைக் குக்கரில் வைத்துவிட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இந்தச் சின்ன கீசர்களையும் ‘சின்னதுதானே’ என்று டைரக்ட் செய்கிறார்கள் என்பது என்னைக் கலங்கடிக்கிற விஷயம்.

“நான்தான் மறக்காமல் சுவிட்சை அணைப்பேனே?”

அணைப்பீர்கள். ஒரு நாள் தவிர. அந்த ஒரு நாள் எப்படி வரும் என்றும் சொல்கிறேன். காலை ஆறரைக்கு சுவிட்சைப் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் கரண்ட் போய்விடுகிறது. காத்திருந்து பார்த்துவிட்டு, கிடைத்த தண்ணீரில் குளித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள். சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே இருக்கிறது. விளக்கு எரியாததால் கண்ணில் படவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் வருகிறது. வீட்டில் யாரும் இல்லை. அல்லது, இன்னும் மோசமாக, வயதான அம்மா மட்டும் இருக்கிறார். மாலை வரை அந்தக் கீசர் யாரைக் கேட்டு நிற்கும்? மின்வெட்டு நம் ஊரில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. தெர்மோஸ்டாட் உள்ள கீசருக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை. டைரக்ட் செய்த கீசருக்கு அது வெடிமருந்துக்குத் திரி.

கொதிநிலைக்கு மேலே என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேல் சூடேறாது. மூடிய தொட்டிக்குள் கதை வேறு. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். பல கீசர்களின் லேபிளில் ‘8 பார்’ என்று அழுத்த வரம்பு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். அதுவரை அது ஆவியாக மாறாமல் தண்ணீராகவே, அடங்கி உட்கார்ந்திருக்கும். தொட்டியில் எங்காவது ஒரு வெல்டிங் விட்டுக்கொடுத்தால் அழுத்தம் நொடியில் இறங்கும். 170 டிகிரித் தண்ணீரின் ஒரு பகுதி அதே நொடியில் நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் அதற்கு 1,600 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். அந்த இடத்தை அது சுவரையும் கூரையையும் பெயர்த்துத்தான் எடுத்துக்கொள்ளும்.

1982 ஜனவரி 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற சிறிய ஊர். அங்குள்ள ஸ்டார் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த வாட்டர் ஹீட்டர் வெடித்தது. 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்துபோனார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அது எரிவாயுவில் ஓடிய பெரிய ஹீட்டர். நம் வீட்டு மின்சாரக் கீசர் அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் காரணம் ஒன்றுதான். சூட்டை நிறுத்த வேண்டிய கருவி நிறுத்தவில்லை. அழுத்தத்தை வெளியே விட வேண்டிய வால்வும் உரியபடி வேலை செய்யவில்லை. இரண்டு காவலும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் வாட்டர் ஹீட்டர் என்ன செய்யும் என்பதை அந்தப் பள்ளியின் இடிபாடு உலகத்துக்குக் காட்டியது.

இந்த இரண்டாவது காவலைப் பற்றி, அதாவது சேஃப்டி வால்வைப் பற்றி, நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கீசருக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும் பக்கத்தில் அந்த வால்வு இருக்கும். தண்ணீரைத் திரும்பிப் போக விடாத பொறியும் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்திருக்கும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், அதன் கொள்ளளவு சுமார் 200 மில்லி கூடும். ஒரு டம்ளர் தண்ணீர். பின்னால் போக வழியில்லை, முன்னால் குழாய் மூடியிருக்கிறது. அதனால் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியேறும். அது அப்படித்தான் சொட்ட வேண்டும். ஆனால் வீட்டில் என்ன சொல்கிறோம்? “கீசர்ல லீக் ஆகுது, சுவரெல்லாம் ஊறுது.” பிளம்பர் வருகிறார், அந்தத் துவாரத்தில் ஒரு பிளக்கை முறுக்கி, டெஃப்லான் டேப் சுற்றி அடைத்துவிடுகிறார். சொட்டுவது நின்றுவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். பிரஷர் குக்கரின் வெயிட் குழாயையும் சேஃப்டி வால்வையும் ஈயம் வைத்து அடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவார்களா யாராவது? இங்கே செய்திருப்பது அதைத்தான். எலக்ட்ரீஷியன் ஒரு நாள் தெர்மோஸ்டாட்டை எடுத்தார். பிளம்பர் வேறொரு நாள் வால்வை அடைத்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கீசரில் நடந்திருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வால்வு சொட்டுவது தொல்லையாக இருந்தால் அதன் வாயில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தித் தண்ணீர் போகும் மூலைக்கு இறக்கிவிடுங்கள். கீசரை அணைத்து ஆறிய பின்னும் நிற்காமல் ஓடினால் வால்வு பழுது, புதிதாக மாற்றுங்கள். அடைக்கவே அடைக்காதீர்கள்.

வெடிப்பதெல்லாம் எப்போதோ ஒரு முறை நடப்பதாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். சரி. வெடிக்கவே வேண்டாம். அதற்கு முன்பே நடக்கக்கூடியது தீக்காயம், அது ஒவ்வொரு காலையிலும் நடக்கக்கூடியது. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலை ஆழமாக வேகவைக்கச் சுமார் 5 விநாடி போதும். 70 டிகிரியில் ஒரு விநாடிக்குள். டைரக்ட் செய்த கீசரில் குழாயைத் திறந்தால் வருவது 95 டிகிரியா, ஆவி கலந்த சீறலா என்று யாருக்கும் தெரியாது. சோப்பு நுரை கண்ணில் இருக்கும்போது ஷவரைத் திறக்கும் பள்ளிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்த தாத்தாவை நினைத்துப் பாருங்கள். சூடு அவருக்கு உறைப்பதற்குள் தோல் உரிந்திருக்கும். குழந்தையைக் குளிப்பாட்ட வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர் என்பது கீசர் நன்றாக இருக்கும் வீட்டிலும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம்.

சுட்டுவிட்டால் உடனே குழாயடியில் காட்டி 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருங்கள். பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். பிறகு மருத்துவமனை.

குழாய்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. சி.பி.வி.சி. குழாய் 93 டிகிரி வரை தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சாதாரண பி.வி.சி. குழாய்க்கு 60 டிகிரியே அதிகம். கொதிக்கும் தண்ணீர் பி.வி.சி.க்குள் திரும்பி வந்தால் குழாய் இளகி, ஒட்டிய இடம் விட்டுப்போகும். சுவருக்குள் போன குழாய் என்றால் வெளியே தெரியக்கூடச் செய்யாது.

நம் ஊர் போர் தண்ணீர் இந்தப் பிரச்சினையை இன்னும் கூட்டுகிறது. உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் வெள்ளையாகப் படியும். சூடு கூடக் கூடப் படிவு வேகமாகும். படிவு காயிலின் சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் தனக்குள்ளேயே கனன்று, மேலுறை வெடிக்கும். அப்போதுதான் தண்ணீரில் மின்சாரம் கசிகிறது. குழாயைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறது என்கிறார்களே, அது இதுதான். டைரக்ட் செய்த கீசரில் காயிலுக்கு ஓய்வே கிடையாது; கொதிக்கிற தண்ணீரில் படிவும் இன்னும் வேகமாக ஏறும். எர்த் இல்லாத வீட்டில், ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், நனைந்த உடம்போடு நிற்பவருக்கு அதற்குப் பிறகு பாதுகாப்பு எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டின் குமிழ் செருகியிருக்கும் உறை மேலும் இதே படிவு ஏறும். அப்போது தண்ணீரின் உண்மையான சூடு அதற்குத் தாமதமாகத்தான் தெரியும்.

உங்கள் கீசர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இன்றே சோதித்துவிடலாம். கீசரில் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். சூடாகும்போது எரிந்து, போதுமான அளவு சூடானதும் அணைய வேண்டும். சில மாடல்களில் மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு தனியாக எரிந்துகொண்டே இருக்கும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவிட்சைப் போட்டு, கீசருக்கு நேர் கீழே நிற்காமல், மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 15 லிட்டருக்கு அரை மணி நேரத்துக்குள், 25 லிட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் விளக்கு அணைய வேண்டும். 3 லிட்டருக்கு மூன்று நான்கு நிமிடம். அணையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், எம்.சி.பி.யை இறக்குங்கள். விளக்கே பழுதா? வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈ.பி. மீட்டரைப் பாருங்கள். கீசர் ஓடும்போது மீட்டரின் சின்ன விளக்கு வேகமாகச் சிமிட்டும். தெர்மோஸ்டாட் நிறுத்தியதும் அந்த வேகம் சட்டென்று அடங்கும். அடங்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கீசர் நிற்கவில்லை.

தொட்டிக்குள்ளிருந்து உறுமல் சத்தம், குழாயைத் திறந்ததும் ஆவியோடு விட்டுவிட்டுச் சீறும் தண்ணீர், சேஃப்டி வால்விலிருந்து சொட்டாமல் பீய்ச்சியடிக்கும் வெந்நீர், ஒயர் கருகும் வாடை. இவற்றில் எதைக் கண்டாலும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் குளியலறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். ஆவி முகத்தில் அடிக்கும். கீசர் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றவும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுச் சில மணி நேரம் தானாக ஆற விடுங்கள்.

கட் அவுட் விழுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கீசர்களில் அது ஒருமுறை விழுந்தால் மூடியைத் திறந்து ஒரு சின்ன பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அது விழுந்தது என்றால் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது தண்ணீர் இல்லாமல் காயில் காய்ந்திருக்கிறது, அல்லது அந்த முனையில் ஒயர் தளர்ந்து தானே சூடாகிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் போகிறவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

சரியான பழுது பார்ப்பது ஒன்றும் பெரிய செலவு கிடையாது. தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்ப் பொருள். ஆனால் எப்படி மாற்றுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைத்தால் தடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பதும் உண்டு, அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் காயிலில் பேஸ் இருக்கும். எம்.சி.பி. இறங்க வேண்டும், மல்டிமீட்டரில் மின்சாரம் இல்லை என்று பார்க்க வேண்டும், தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். புதிய தெர்மோஸ்டாட் அதே ஆம்பியர் அளவும் அதே அதிகபட்சச் சூடும் கொண்டதாக இருக்க வேண்டும். ‘இதுவும் மாட்டலாம் சார்’ வகை வேண்டாம். குமிழ், உறையின் அடி வரை இறங்க வேண்டும். பாதி வெளியே நின்றால் அது தண்ணீரின் சூட்டை அளக்காது, மூடிக்குள் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் அளக்கும். செம்புக் குழாயைக் கூர்மையாக மடிக்கக் கூடாது, அது மின் முனைகள் எதிலும் படக் கூடாது. ஒயர் முனைகளில் கருகிய தடம் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிய முனை போட வேண்டும். தண்ணீரை வடித்துக் காயில் தட்டையும் கழற்றினால், காயிலில் உப்பு எவ்வளவு, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மேக்னீசியம் ராடு மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். எல்லாம் முடிந்ததும் தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே சுவிட்ச். விளக்கு அணையும் வரை அவர் இருக்கட்டும். காபி கொடுத்து உட்கார வையுங்கள். அவர் அவசரமாகக் கிளம்பினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அந்த மாடலுக்குப் பொருள் கிடைக்கவே இல்லை என்றால் அந்தக் கீசரின் காலம் முடிந்தது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் கீழே உள்ள உரிம எண்ணையும் பாருங்கள், ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

குளியலறையோடு இது முடியவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓடும் அறை ஹீட்டர்களிலும், டொரொன்டோவிலும் லண்டனிலும் நம்மவர்கள் கராஜைப் பட்டறையாக்கிக் குளிருக்கு வைத்திருக்கும் ஃபேன் ஹீட்டர்களிலும் இதே தெர்மோஸ்டாட், இதே கட் அவுட், இதே ‘டைரக்ட்’ உண்டு. அங்கே சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர்கூடக் கிடையாது. மரத்தூளும் பழைய துணியும் தின்னர் டப்பாவும் பக்கத்திலேயே இருக்கும். பல ஹீட்டர்களுக்குள் ஒரே ஒரு முறை அறுந்துபோகும் சூட்டு ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் அந்த இடத்தில் ஒயர் வைத்து இணைக்காதீர்கள். ஃபேன் சுற்றாமல் காயில் மட்டும் கனன்றால் பிளாஸ்டிக் உடம்பு பற்றிக்கொள்ளும். துடைப்பதோ பழுது பார்ப்பதோ, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், “இன்னிக்கு எப்படியாவது ஓட வெச்சுக் கொடுங்க” என்பார். உங்கள் கை தெரிந்த கை, அதனால்தான் கூப்பிட்டார். “முடியாது சார், பொருள் வரட்டும்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒயரை முறுக்கிவிட்டு ‘நீங்களே அணைச்சுக்குங்க’ என்று சொல்லிவிட்டு வந்தால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு குடிவரும் ஆளுக்கு அதை யார் சொல்வார்கள்? வாடகை வீட்டில், லாட்ஜில், மேன்ஷனில், பெண்கள் விடுதியில், கீசருக்குள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே ஆயிரம் பேர் மாறி மாறிக் குளிக்கிறார்கள். வீட்டு உரிமையாளர்களே, விடுதி நடத்துபவர்களே, வாடகைக்கு விடும் முன் ஒவ்வொரு கீசரின் விளக்கும் அணைகிறதா, சேஃப்டி வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று ஓர் ஆளை வைத்துப் பாருங்கள். அது உங்கள் பொறுப்பு.

வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகனோ மகளோ உங்களுக்கு இருந்தால், இன்று இரவே போன் செய்து கேளுங்கள்: “உன் ரூம் கீசர்ல விளக்கு அணையுதா?” பதில் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ளும் வரை அதைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.